நிலத்தடி நீர் எப்படி இயங்குகிறது? மைன்சரும் அவர் வளர்த்த துறையும்: ஓர் எளிய விளக்கம்

போர் போடும் பேச்சு எழுந்தால் நான்கு விஷயங்கள் கட்டாயம் காதில் விழும். “கீழே ஆறே ஓடுது, அந்த நீரோட்டத்தைப் பிடிச்சுட்டா போதும்.” “200 அடியில இல்லன்னா என்ன, 800 அடியில கடலாட்டம் கிடக்கும்.” “என் நிலம், என் போர், நான் எடுக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு என்ன வந்தது?” நான்காவதைக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: “வருஷத்துக்கு எவ்வளவு மழைத்தண்ணி உள்ளே இறங்குதோ, அவ்வளவை மட்டும் எடுத்தா ஒரு குறையும் வராது.”

முதல் மூன்றின் மீது பலருக்கும் லேசான சந்தேகமாவது இருக்கும். நான்காவது சரிதான் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். ஆனால் நான்குமே தவறு. ஏன் தவறு என்பது புரிய, நிலத்தடி நீர் உண்மையில் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். கூடவே ஆஸ்கர் எட்வர்ட் மைன்சர் என்ற அமெரிக்கரைப் பற்றியும் பேச வேண்டும். ஊகமும் நம்பிக்கையுமாக இருந்த இந்த விஷயத்தை, அளந்து பார்த்துப் பதில் சொல்லும் துறையாக மாற்றியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

ஆற்றுமணலில் ஓர் ஊற்று

வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே காய்ந்த மணல். அப்புறம் ஈர மணல். கையில் அள்ளிப் பிழிந்தாலும் சொட்டாது. இன்னும் தோண்டினால் குழியின் ஓரங்களிலிருந்து நீர் கசிந்து வந்து ஒரு மட்டத்தில் நிற்கும். சிரட்டையால் அள்ளினால் குறையும், சற்றுப் பொறுத்தால் பழைய மட்டத்துக்கே ஏறிவிடும்.

அந்தக் குழிக்குக் கீழே ஆறு எதுவும் ஓடவில்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் இடுக்குகளில்தான் நீர் இருந்தது. நாம் மணலை அகற்றியதும் சுற்றிலும் இருந்த நீர் அந்தக் காலி இடத்துக்கு வந்தது. அது வந்து நிற்கும் மட்டம்தான் நிலத்தடி நீர்மட்டம். அதற்குக் கீழே எல்லா இடுக்குகளும் நீரால் நிரம்பியிருக்கும். மேலே இருக்கும் இடுக்குகளில் காற்றும், மணலோடு ஒட்டிய ஈரமும் இருக்கும். கிணறும் போரும் இதே குழிதான், ஆழம்தான் வேறு.

இனி இரண்டு சொற்கள். மண்ணிலோ பாறையிலோ எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பது துளைத்தன்மை. அந்தக் காலியிடங்களின் வழியே நீர் எவ்வளவு எளிதாக நகர முடிகிறது என்பது ஊடுருவுதிறன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. மணலில் கால் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை காலியிடம் இருக்கும். களிமண்ணில் அதைவிட அதிகம், பாதிகூட இருக்கும். ஆனாலும் களிமண்ணில் குழி தோண்டினால் ஊற்று வராது. இடுக்குகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் உள்ளே இருக்கும் நீரைக் களிமண் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நீரைச் சேர்த்துவைத்து, கேட்டால் விடவும் செய்கிற அடுக்கைத்தான் நீர்த்தாங்கி என்கிறோம்.

நீர் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கான விதியை 1856-லேயே பிரான்சின் திழோன் நகரப் பொறியாளர் ஆன்ரி டார்சி வெளியிட்டிருந்தார். குழாயில் மணலை நிரப்பி நீரை விட்டுப் பார்த்து அவர் கண்டது இதுதான்: மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், மணலின் ஊடுருவுதிறன் கூடினாலும் கூடும். அவ்வளவு எளிய விதி. மண்ணுக்கடியில் நீர் பெரும்பாலும் நாளுக்குச் சில அடி, பல இடங்களில் ஆண்டுக்கே சில அடி என்றுதான் நகர்கிறது.

கடினப்பாறை வேறு கதை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வகை. இறுகிய கருங்கல்லில் காலியிடம் ஒரு சதவீதம்கூட இருக்காது. நீர் இருப்பது மேலே உக்கிப்போன பகுதியிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். ஒரு போரில் நீர் பீய்ச்சியடிக்க, 20 அடி தள்ளிப் போட்டதில் வெறும் புகை பறப்பது இதனால்தான். ஒன்று வெடிப்பைத் தொட்டது, மற்றது தொடவில்லை. ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரம் வெடிப்புகளை நெருக்கிவிடும். அங்கே நீர் கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறையும்.

இதுவரை பார்த்தது: நீர் இடுக்குகளில் இருக்கிறது, மெதுவாக நகர்கிறது. இருப்பதெல்லாம் கைக்கு வராது. முதல் இரண்டு பேச்சுகளும் இங்கேயே அடிபட்டுப் போகின்றன. (சுண்ணாம்புப் பாறை கரைந்து குகையான இடங்களில் மட்டும் உண்மையாகவே நிலத்தடி ஆறுகள் உண்டு. அவை விதிவிலக்கு.)

பாலைவனத்துக்குப் போன ஆசிரியர்

மைன்சர் 1876-இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1901-இல் பெலாய்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1906-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மேற்கு மாநிலங்களில் மக்கள் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா, நெவாடாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் நீர் எங்கே, எவ்வளவு என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை.

1912-இல் அந்தத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. 1946-இல் ஓய்வு பெறும்வரை அவர்தான் அதை நடத்தினார். சிறிய பிரிவு அது. கற்றுத்தரக் கல்லூரிகளில் தனிப் பாடம்கூடப் பெரிதாக இல்லாத நேரம். மைன்சர் செய்த முதல் பெரிய காரியம் வீடு கட்டும்முன் அடித்தளம் போடுவது போன்றது. 1923-இல் இரண்டு நூல்களை வெளியிட்டார். ஒன்று அமெரிக்காவில் நிலத்தடி நீர் எந்தெந்தப் பாறைகளில் எப்படி இருக்கிறது என்பது. மற்றது இத்துறையின் அடிப்படைக் கருத்துகளையும் வரையறைகளையும் சொல்வது. ஒரே பாறையிலிருந்து தானாக வடியும் நீர் எவ்வளவு, பாறை பிடித்துவைத்துக்கொள்ளும் நீர் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிடும் முறை அதில் இருந்தது. யூட்டாவில் ஒருவர் அளந்ததையும் ஃப்ளோரிடாவில் இன்னொருவர் அளந்ததையும் ஒப்பிட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

வரையறை மட்டும் போதாதே, மண்ணைச் சோதிக்க வேண்டும். அதற்கென ஓர் ஆய்வகம் நடந்தது. நீர் தாங்கும் மணல், சரளை, வண்டல் மாதிரிகளை அங்கே சோதித்தவர்களில் நோரா டவல் ஸ்டியர்ன்ஸ் முக்கியமானவர். அவருடைய முடிவுகள் 1920-களின் பிற்பகுதியில் அரசு அறிக்கையாக வந்தன. பெண்கள் அரிதாகவே இருந்த துறையில் அது நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நீரோட்டம் பார்ப்பவர்கள் விஷயத்திலும் மைன்சர் நேராகவே பேசினார். நம்மூரில் தேங்காயும் வேப்பங்கவையும் பிடிப்பது போல, அங்கேயும் கவட்டைக் குச்சியோடு நிலத்தில் நடந்து ‘இங்கே தோண்டு’ என்று சொல்பவர்கள் உண்டு. 1917-இல் ஆர்தர் எல்லிஸ் இதன் வரலாற்றை எழுதியபோது மைன்சர் அதற்கு முன்னுரை தந்தார். இவ்வளவு ஆராய்ந்தும் உறுதியான பலன் கொஞ்சமும் கிடைக்காத விஷயம் வேறு இருக்குமா என்பதே சந்தேகம், இதைச் சோதிக்க மேலும் பொதுப்பணத்தைச் செலவிடுவது தவறு என்றார். அப்படியானால் குச்சிக்காரர் சொன்ன இடத்தில் நீர் வருகிறதே? வண்டலும் மணலும் உள்ள இடங்களில் எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் நீர் வரும். அவர் காட்டிய இடத்துக்குப் பத்தடி தள்ளித் தோண்டியிருந்தாலும் வந்திருக்கும். அங்கே யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

செடி குடிக்கும் நீரை அளந்த கிணறுகள்

பாலைவனப் பள்ளத்தாக்குகளில் மைன்சர் கவனித்த ஒன்று: சில செடிகள் மழையை நம்பியே இல்லை. நிலத்தடி நீர்வரை வேரை இறக்கி நேராகக் குடிக்கின்றன. நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம் அப்படிப்பட்டது. எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்தே நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். 1927-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்.

அவர் பிரிவைச் சேர்ந்த வால்டர் ஒயிட் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். யூட்டாவின் எஸ்கலான்டே பள்ளத்தாக்கில் ஆழமில்லாத கிணறுகளில் நீர்மட்டத்தை இரவும் பகலும் தானாகப் பதிவுசெய்யும் கருவிகளை வைத்தார். தாளில் விழுந்த கோடு தினமும் அலையாக ஏறி இறங்கியது. வெயில் ஏற ஏற நீர்மட்டம் இறங்கும். இரவில் செடிகள் ஓய்ந்ததும் பக்கத்திலிருந்து நீர் வந்து மட்டம் ஏறும். குளிர்காலத்தில் அலையே இல்லை. வசந்தத்தில் இலை துளிர்த்ததும் தொடங்கியது, கடும் பனியில் இலை கருகியதும் நின்றது. செடிகளை அறுத்த இடத்தில் அலை நின்றுபோனது அல்லது நன்றாகக் குறைந்தது. 1932-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து, செடிகள் ஒரு நாளில் எவ்வளவு நீரைக் குடித்தன என்று கணக்கிடலாம். ஒயிட்டின் முறை இன்றும் பயன்படுகிறது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் வேறொன்று: நாம் போர் போடுவதற்கு முன்பே நிலத்தடி நீர் எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. செடி குடிக்கிறது, ஊற்றாகக் கிளம்புகிறது, ஆற்றில் கசிகிறது, கடலில் சேர்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமுங்கும் பாறை

வடக்கு, தெற்கு டக்கோட்டா மாநிலங்களின் அடியில் டக்கோட்டா மணற்கல் என்ற பெரிய அடுக்கு இருக்கிறது. அதற்கு மேலே நீரை விடாத களிப்பாறை மூடியாக அமர்ந்திருக்கிறது. இப்படி மேலே மூடி இருந்து, அழுத்தத்தோடு நீரை வைத்திருக்கும் அடுக்குக்கு அழுத்த நீர்த்தாங்கி என்று பெயர். துளை போட்டால் மோட்டார் இல்லாமலே நீர் மேலே வரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே துளைத்த கிணறுகளில் நீர் வானத்தை நோக்கிப் பாய்ந்தது. ஆண்டுகள் போகப் போக அழுத்தம் குறைந்து, பல கிணறுகள் பாய்வதை நிறுத்தின.

மைன்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கிணறுகளிலிருந்து வெளியேறிய நீர், தொலைவிலிருந்து அந்த அடுக்கின் வழியே வந்து சேரக்கூடிய நீரைவிட மிக அதிகம். மிச்சம் எங்கிருந்து வந்தது? 1928-இல் அவர் தந்த விடை: பாறையே கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. உள்ளே இருந்த நீரின் அழுத்தம் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. நீர் வெளியேறி அழுத்தம் குறைந்ததும், அந்தப் பாரம் மணற்கல்லின் மீது இறங்கி அதை நெருக்கியது. இடுக்குகள் சுருங்கி நீர் வெளியே பிதுங்கியது.

கல் அமுங்கும் என்றால் நம்ப முடியவில்லையா? நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ரயில் பாதைக்கு அருகே இருந்த ஒரு கிணற்றின் பதிவை சார்லஸ் ஜேக்கப் 1939-இல் வெளியிட்டார். ரயில் வந்ததும் கிணற்றில் நீர்மட்டம் ஏறியது; போனதும் இறங்கியது. ரயிலின் எடை நீர்த்தாங்கியை அழுத்தியதைக் கிணறு காட்டிக்கொடுத்தது.

போர் ஓடும்போது சுற்றிலும் என்ன நடக்கிறது?

மறுபடி ஊற்றுக் குழிக்கு வருவோம். வேகமாக அள்ளினால் குழிக்குள் மட்டம் இறங்கும். சுற்றியுள்ள மணலிலும் நீர்மட்டம் குழியை நோக்கிச் சரியும். குழிக்கு அருகே அதிகமாக, தள்ளிப் போகப் போகக் குறைவாக. இந்தச் சரிவு இல்லாவிட்டால் நீர் குழியை நோக்கி வராது என்பது டார்சி விதி. போரைச் சுற்றி நீர்மட்டம் தலைகீழ்க் கூம்பு வடிவில் இறங்குவதை இறக்கக் கூம்பு என்கிறோம். பக்கத்துத் தோட்டத்தின் கிணறு அந்தக் கூம்புக்குள் இருந்தால் அதன் நீர்மட்டமும் இறங்கும். மூன்றாவது பேச்சுக்கான பதில் இது. வேலியும் பட்டாவும் கூம்புக்குத் தெரியாது.

1930-கள் வரை இருந்த சூத்திரங்கள் கூம்பு ஓர் அளவுக்கு வந்து நின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டன. மைன்சரின் பிரிவில் 1930-இல் சேர்ந்த சார்லஸ் வெர்னான் தெய்ஸ், நியூ மெக்சிகோவில் வேலை பார்த்தபோது இது பொருந்தவில்லை என்று கண்டார். மோட்டார் ஓட ஓடக் கூம்பு விரிந்துகொண்டே போனது. அப்படியானால் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடான தகட்டின் ஒரு புள்ளியில் வெப்பத்தை இழுத்தால் தகடு எப்படிக் குளிரும் என்ற கணக்கு இயற்பியலில் ஏற்கெனவே இருந்தது. நீரும் அதே மாதிரிதான் நடந்துகொள்கிறது என்று தெய்ஸுக்குத் தோன்றியது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த நண்பர் கிளாரன்ஸ் லூபினுக்கு எழுதிக் கேட்டார். அவர் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தார். 1935-இல் வெளியான அந்தச் சமன்பாடுதான் இன்றும் உலகமெங்கும் போர்களைச் சோதிக்க முதலில் எடுக்கப்படுவது. நெப்ராஸ்காவில் அதே பிரிவின் லீலண்ட் வென்செல், ஒரு போரைச் சுற்றி ஏராளமான கண்காணிப்புக் கிணறுகளை வைத்து மணிக்கணக்கில் அளந்த பதிவு கையில் இருந்ததால், அதை வைத்துத் தெய்ஸ் தன் சமன்பாட்டைச் சரிபார்க்கவும் முடிந்தது.

மைன்சருக்குத் தன் பெயரில் இப்படி ஒரு சூத்திரம் கிடையாது. ஆனால் அவர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, களத்துக்கு அனுப்பி, அளக்கச் சொல்லி, அளந்ததை அச்சிட்டதால்தான் ஒருவருடைய தரவு இன்னொருவருடைய கோட்பாட்டுக்குக் கைகொடுத்தது. எனக்கு அவரிடம் மிகப் பெரியதாகப் படுவது இதுதான். நாடு முழுதும் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொகுத்து வெளியிடும் ஆண்டு அறிக்கைகள் 1935-ஆம் ஆண்டுக்கானதிலிருந்து வரத் தொடங்கின. பார்க்கச் சலிப்பான அட்டவணைகள். ஆனால் நீர்மட்டம் பத்தாண்டுகளில் எங்கே போயிருக்கிறது என்று சொல்ல அவற்றைவிட்டால் வேறு வழியில்லை. 1942-இல் நீரியல் முழுமைக்குமான பெரிய தொகுப்பு நூலையும் அவர் பதிப்பித்தார். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 1943-இல் அவருக்கு போவி பதக்கம் தந்தது. 1948-இல் இறந்தபோது அதன் தலைவராக இருந்தார். நிலத்தடி நீரியலில் சிறந்த ஆய்வுக்கு அமெரிக்கப் புவியியல் சங்கம் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

மழை இறங்கும் அளவுக்கு எடுக்கலாமா?

இனி நான்காவது பேச்சு. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி நீர்த்தாங்கியில் சேர்வதை மீள்நிரப்பு என்போம். ஆண்டுக்கு 100 லாரி மீள்நிரப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 லாரி எடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதானே தோன்றுகிறது?

எஸ்கலான்டே செடிகளை நினைத்துப் பாருங்கள். நாம் வருவதற்கு முன்பே அந்த 100 லாரி நீர் எங்கோ போய்க்கொண்டிருந்தது. உள்ளே வந்தது 100, வெளியே போனது 100. அதனால்தான் நீர்மட்டம் நிலையாக இருந்தது. இப்போது நாம் 100 எடுத்தால், செடியும் ஊற்றும் ஆறும் வழக்கம்போல 100 எடுத்துக்கொண்டிருக்க, சேமிப்பிலிருந்துதான் குறையும். நீர்மட்டம் இறங்கி இறங்கி, ஊற்று வறண்டு, ஆற்றின் கோடைக்கால ஓட்டம் நின்ற பிறகுதான் கணக்கு நேராகும். தெய்ஸ் 1940-இல் இதைத் தெளிவாக எழுதினார். கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் எங்கோ ஓர் ஈடு இருந்தே தீரும்: ஒன்று சேமிப்பு குறையும், அல்லது மீள்நிரப்பு கூடும், அல்லது இயற்கையாக வெளியேறிய நீர் குறையும்.

கேடில்லாமல் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதைச் சொல்லும் ‘பாதுகாப்பான அளவு’ என்ற கருத்தைச் சார்லஸ் லீ என்ற பொறியாளர் 1915-இல் முன்வைத்தார். மைன்சரும் 1923-இல் அதை வரையறுத்தார். அவர் வரையறையில் அளவுகோல் மனிதத் தேவையும் எடுக்கும் செலவும்தான். ஆற்றுக்கும் ஊற்றுக்கும் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. அந்த வரையறையில் இது ஒரு குறை என்றே நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள் அதையும் சுருக்கி ‘மீள்நிரப்பு அளவுக்கு எடுக்கலாம்’ என்று ஆக்கியது இன்னும் பெரிய தவறு. எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்குள், எந்த ஊற்றை, எந்த ஆற்றை இழக்கத் தயார் என்ற கேள்வி இருக்கிறது.

சுருக்கமாக: போர் புதிதாக நீரை உண்டாக்குவதில்லை. வேறெங்கோ போகவிருந்த நீரைத் திருப்புகிறது, அல்லது சேமிப்பைக் கரைக்கிறது.

நீதிமன்றம் வரை

1861-இல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம், நிலத்தடி நீரின் போக்கும் காரணங்களும் மனிதருக்கு எட்டாத மறைபொருள், அதற்கு விதி வகுக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும் என்று சொல்லி, பாதிக்கப்பட்ட பக்கத்து நிலக்காரருக்கு உரிமை இல்லை என்றது. இங்கிலாந்தில் 1843-இல் வந்த தீர்ப்பு ஒன்றின் வழிவந்த கருத்து அது. அதே கருத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் 1882-இல் ஏறியது: குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாமல் தன் நிலத்தின் கீழே இருக்கும் நீரையெல்லாம், தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்த நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. நிலத்தடி நீர் பெரும்பாலும் எந்த வாய்க்காலிலும் ஓடுவதில்லை என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

நியூ மெக்சிகோ வேறு வழியில் போனது. ஆற்றங்கரைப் போர், ஆற்று நீரை எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு குறைக்கும் என்பதைத் தெய்ஸ் 1941-இல் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 1956-இல் அம்மாநிலப் பொறியாளர் ஸ்டீவ் ரெனால்ட்ஸ் அந்த வகைக் கணக்கை விதியாக்கினார்: ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் புதிதாகப் போர் போட வேண்டுமானால், அது ஆற்றிலிருந்து குறைக்கப்போகும் நீருக்கு ஈடாக ஆற்று நீர் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். அல்புகர்க்கி நகரமே வழக்குத் தொடுத்தது. 1962-இல் மாநில உச்ச நீதிமன்றம் ரெனால்ட்ஸ் பக்கம் நின்றது. ஒஹையோ நீதிமன்றமும் 1984-இல் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வரி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.